கரீபியன் தீவில் ஒரு வாரம்: எந்தக் கரையில் அறை எடுப்பது?

தக்கலை ஆசிரியர்

வணக்கம். தக்கலையிலிருந்து எழுதுகிறேன், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மகன் நியூ ஜெர்சியில் மனைவி, இரு குழந்தைகளோடு வசிக்கிறான். நானும் என் மனைவியும் சுற்றுலா விசாவில் அங்கே சென்று சில மாதங்கள் தங்கவிருக்கிறோம். அந்தச் சமயத்தில் எல்லோருமாகச் சேர்ந்து கரீபியன் தீவு ஒன்றில் கடற்கரையோரமாக ஒரு வாரம் தங்க வேண்டும் என்று மகன் ஆசைப்படுகிறான். குழந்தைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டி டிசம்பர் கடைசி வாரம் அல்லது ஜூலை முதல் பாதி என்று இரண்டு காலங்களைச் சொல்லிவிட்டு, தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்துவிட்டான். "நம்ம ஊர்க்காரருக்குக் கடலைப் பற்றிச் சொல்லித் தர வேண்டுமா அப்பா" என்பது அவனுடைய வாதம்.

இணையத்தில் தேடத் தொடங்கிய பிறகுதான் இதன் சிக்கல் புரிந்தது. எந்தத் தீவின் படத்தைப் பார்த்தாலும் அதே வெள்ளை மணலும் அதே நீலத் தண்ணீரும் அதே சாய்ந்த தென்னையும்தான் இருக்கின்றன. வாடகை மட்டும் இடத்துக்கு இடம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மாறுகிறது. அந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்னவென்று எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

எங்கள் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்கு மூட்டு வலி இருப்பதால் படி ஏறி இறங்க இயலாது. அவள் சுத்த சைவமும்கூட. எனக்கும் மகனுக்கும் மீன் இருந்தால் போதும். பேரப் பிள்ளைகளுக்கு வயது ஆறும் ஒன்பதும். அவர்கள் கடலில் இறங்கிக் குளிக்காமல் திரும்ப மாட்டார்கள். சொத்தவிளையிலும் சங்குத்துறையிலும் நாங்கள் குழந்தைகளைக் கணுக்கால் தண்ணீருக்கு அப்பால் விட்டதில்லை. 2024 மே மாதத்தில் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோன பிறகு, அந்தக் கணுக்கால் தண்ணீருக்கும் என் மனைவி சம்மதிப்பதில்லை. ஆகவே, குழந்தைகள் அச்சமின்றி இறங்கக்கூடிய கடல் எங்கே இருக்கிறது என்பதே என் முதல் கேள்வி. உணவும் சேர்த்து ஒரே கட்டணம் வாங்கும் ரிசார்ட் நல்லதா, அடுப்படியுள்ள வாடகை வீடு நல்லதா என்பது இரண்டாவது கேள்வி. அங்கே போய் வந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

முட்டம் கடலோடி

சார், வணக்கம். நான் பயணிகள் கப்பலில் வேலை செய்கிறவன். குளிர்காலம் முழுவதும் எங்கள் கப்பல் அந்தத் தீவுகளைத்தான் சுற்றிக்கொண்டிருக்கும். கேட்டது நீங்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எந்தத் தீவு என்ற கேள்வியை இப்போதைக்குத் தள்ளி வைத்துவிட்டு, தீவின் எந்தப் பக்கம் என்று முதலில் கேளுங்கள். அந்தப் பகுதியில் ஆண்டின் பெரும்பகுதியும் காற்று கிழக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ வீசும். அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி வருகிற அந்தக் காற்றும் அலையும் தீவின் கிழக்குக் கரையில் வந்து மோதும். மேற்குக் கரையோ தீவின் மலை மறைவில் கிடக்கும். பார்படோஸ் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கிழக்குக் கரையிலுள்ள பாத்ஷீபாவில் பாறைகளுக்கிடையே அலை அடிப்பதைப் பார்க்கலாம், படம் எடுக்கலாம். குளிக்க நினைக்கவே கூடாது. அதே தீவின் மேற்குக் கரையில், ஹோல்டவுன் பக்கம், கடல் பெரும்பாலான நாட்களில் நம் ஊர்க் குளம்போலக் கிடக்கும். தெற்குக் கரை இரண்டுக்கும் நடுவில்: டோவர், வொர்திங் போன்ற இடங்களில் ஓரளவு அலை உண்டு, ஆனால் அறை வாடகை மேற்கைவிடக் குறைவு, கடைகளும் பேருந்தும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். இந்த மூன்று கரைகளுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் கிடையாது. ஆயினும் குழந்தைகளோடு வருகிறவருக்கு அவை மூன்று வெவ்வேறு தீவுகள்தான். நீங்கள் கேட்ட வாடகை வேறுபாட்டில் பெரும்பங்கு இதிலிருந்தே வருகிறது.

விடுதியின் விளம்பரப் படத்தை நம்ப வேண்டாம். வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, அந்த விடுதிக்கு எதிரே கடலைப் பெரிதாக்கிப் பாருங்கள். கரையையொட்டி வெள்ளை வெள்ளையாக நுரை வரிகள் பல அடுக்காகத் தெரிந்தால் அங்கே அலை உடைகிறது என்று பொருள். கரைக்கு வெகு தூரத்தில் ஒரே ஒரு நுரை வரியும், அதற்கு உட்புறம் வெளிர்பச்சைத் தண்ணீரும் தெரிந்தால், வெளியே பவளப் பார் இருந்து அலையைத் தடுக்கிறது என்று கொள்ளலாம். நீங்கள் போகப்போகும் அதே மாதத்தில் முந்தைய விருந்தினர்கள் எடுத்துப் போட்ட படங்களையும் தேடிப் பாருங்கள். ஏப்ரலில் எடுத்த படம் டிசம்பர் கடலைக் காட்டாது.

இனிக் காலம். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே சூறாவளிக் காலம். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரைதான் உச்சம் என்றாலும் ஜூலையையும் முழுதாக நம்ப முடியாது. 2024 ஜூலை 1 அன்று பெரில் சூறாவளி கிரெனடாவைச் சேர்ந்த கரியக்கூ தீவைச் சிதைத்துப் போட்டது. ஒக்கிப் புயலைப் பார்த்த நமக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஜூலையில் இன்னொரு தொல்லை, சர்காசம் என்னும் பழுப்புநிறக் கடற்பாசி. 2011ஆம் ஆண்டுக்குப் பிறகு ஏறக்குறைய ஆண்டுதோறும், மார்ச் முதல் ஆகஸ்ட் வரையான மாதங்களில், அது பெரும் பெரும் திட்டுகளாக மிதந்து வந்து கிழக்கு நோக்கிய கரைகளில் ஒதுங்குகிறது. ஒதுங்கி அழுகினால் அழுகிய முட்டை நாற்றம். லட்சக்கணக்கில் பணம் கட்டி அறை எடுத்துவிட்டு, சன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டியதாகிவிடும்.

ஜூலையில்தான் போக முடியும் என்றால், சூறாவளிப் பாதைக்குத் தெற்கே ஒதுங்கியிருக்கும் அரூபா, குராசாவ் தீவுகளைப் பாருங்கள். அரூபாவில் ஈகிள் கடற்கரை அகலமானது, அடுக்குமாடிக் கூட்டம் இல்லாதது. தீவு வறண்டது, கற்றாழைக் காடு. காற்று ஓயாமல் வீசும். அதை ஒரு குறையாக நினைக்காதவர்களுக்கு நல்ல இடம்.

டொபாகோவும் அமைதியான தீவுதான். விமான நிலையத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில் கிரவுன் பாயிண்ட்டில் விடுதிகள் இருக்கின்றன. ஆனால் பக்கத்துத் தீவான திரினிடாட் வழியாகப் போய்விட்டு, அங்கிருந்து புறப்பட்ட 6 நாட்களுக்குள் இந்தியாவில் இறங்கினால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லாவிட்டால் தனிமைப்படுத்தி வைப்பார்கள். அந்த ஊசி அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு மருத்துவரின் ஆலோசனையில்லாமல் போடத்தக்கதும் அல்ல. நீங்கள் மீண்டும் அமெரிக்காவுக்குப் போய்ச் சில வாரங்கள் தங்குவதானால் இந்தச் சிக்கல் எழாது.

குளச்சல் வாசி

ஐயா, குழந்தைகளும் வயதானவர்களும் சேர்ந்து போகும்போது இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை என்பது என் தாழ்மையான கருத்து. டொமினிக்கன் குடியரசின் புன்டா கானாவில் உணவு, பானம், குழந்தைகளுக்கான நீச்சல் குளம் எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கிய ரிசார்ட்டுகள் வரிசையாக இருக்கின்றன. விமான நிலையமும் அருகிலேயே. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் அங்கே தனி விசா எடுக்க வேண்டியதில்லை. கடல் சரியில்லாத நாளில் குழந்தைகள் நீச்சல் குளத்தில் கிடப்பார்கள். ஆறு பேருக்கு மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு அலைந்து திரிவது விடுமுறையா? என் தங்கை குடும்பம் அங்கே போய் வந்தது. ஒரு குறையும் சொல்லவில்லை.

குழித்துறைக்காரி

என் கணவர் கிரெனடாவில் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் எடுத்த காலத்தில் நாங்கள் குடும்பத்தோடு அங்கே வாழ்ந்தோம். அந்த அனுபவத்திலிருந்து ஆசிரியர் ஐயாவின் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

குளச்சல் சகோதரர் சொல்லும் வசதியை நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் சைவம் சாப்பிடுகிற பெரியவர் ஒருவர் இருந்தால் ஒரே கட்டண ரிசார்ட்டில் அவருக்கான பங்கு வீண்தான். முதல் நாள் பஃபேயில் பழமும் ரொட்டியும் சாலட்டும் கண்டு மகிழ்வார். மூன்றாம் நாள் அதே பழமும் ரொட்டியும் சாலட்டும் இருக்கும். ஐந்தாம் நாள் ஒரு கவளம் இரசம் சோறு கிடைக்காதா என்று அறையில் உட்கார்ந்திருப்பார். மேலும், அந்த ரிசார்ட்டுக்குள் போய்விட்டால் தீவையே பார்க்காமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

அடுப்படியுள்ள வீடு எடுத்தால் சமையலுக்கு நம்மவர் திண்டாட வேண்டியதே இல்லை. மரச்சீனி, சேம்பு, ஏத்தங்காய், சீமைப்பலா, தேங்காய், முருங்கை என்று நம் குமரி மாவட்டத்துச் சந்தையில் கிடைக்கிற பெரும்பாலானவை அந்தத் தீவுகளிலும் கிடைக்கும். கிரெனடாவின் தேசிய உணவான 'ஆயில் டவுன்' எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? சீமைப்பலாத் துண்டுகளைத் தேங்காய்ப்பாலும் மஞ்சளும் சேம்பு இலையும் சேர்த்து, பால் வற்றி எண்ணெய் பிரிந்து அடியில் இறங்கும்வரை வேகவைப்பார்கள். அவர்கள் உப்பிட்ட இறைச்சியும் போடுவார்கள். அதை விட்டுவிட்டுச் செய்தால் உங்கள் வீட்டு அம்மாவுக்கு அன்றைய மதிய உணவு ஆயிற்று. சனிக்கிழமை காலையில் தலைநகர் செயின்ட் ஜார்ஜஸ் சந்தைக்குப் போனால் ஜாதிக்காயும் பட்டையும் கிராம்பும் கூறு வைத்து விற்பார்கள். அவற்றின் விலையை நம் ஊர் விலையோடு ஒப்பிட்டு நான் பேரம் பேசியதை என் கணவர் இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

தங்குவதற்குக் கிராண்ட் ஆன்ஸ் கடற்கரையைப் பரிந்துரைக்கிறேன். ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளம். தீவின் தென்மேற்கில் காற்று மறைவில் இருப்பதால் அலை குறைவு. மணல் மெல்லச் சரிந்து இறங்குவதால் குழந்தைகள் இடுப்பளவுத் தண்ணீரில் நெடுநேரம் நின்று விளையாடலாம். விமான நிலையம் மிக அருகில். பல்பொருள் அங்காடி சாலையைக் கடந்தால் வந்துவிடும். அதற்கு அடுத்த வளைவிலுள்ள மோர்ன் ரூஜ் அதைவிடவும் அமைதியான சிறு குடாக்கரை.

'பீச் ஃப்ரண்ட்' என்று போட்டிருந்தாலும் மூட்டு வலிக்காரருக்குக் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அறை தரைத்தளத்தில் இருக்கிறதா? அறைக் கதவிலிருந்து மணல்வரை எத்தனை படி? குளியலறையில் தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் கால் வைக்க வேண்டுமா, அல்லது தரையோடு தரையாகக் குளிக்கலாமா? இந்த மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. அங்கே போய்த்தான் திணறுவார்கள். விடுதிக்கு எழுதி, குளியலறையின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் அந்த விடுதியை விட்டுவிடுங்கள்.

கோட்டாறு பயண முகவர்

ஐயா, எல்லோரும் கரையையும் அறையையும் பற்றிப் பேசுகிறார்கள். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. தங்கள் மகன் அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ பெற்றவரா, அல்லது எச்-1பி என்னும் வேலை விசாவில் இருப்பவரா? எச்-1பி என்றால், அவருடைய கடவுச்சீட்டில் ஒட்டப்பட்டுள்ள விசா இன்னும் காலாவதியாகாமல் இருக்கிறதா?

பார்படோஸ், கிரெனடா, திரினிடாட் ஆகியவற்றுக்கு இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் குறுகிய காலப் பயணத்துக்கு முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை. எனவே உள்ளே போவது எளிது. திரும்பி அமெரிக்காவுக்குள் வருவதில்தான் சிக்கல். வேலை அனுமதியை நீட்டித்து ஐ-797 தாள் கையில் வைத்திருக்கிற பலர், கடவுச்சீட்டிலுள்ள விசா முடிந்துபோனதைக் கவனிப்பதில்லை. காலாவதியான விசாவோடு கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ போய் 30 நாட்களுக்குள் திரும்பிவர ஒரு சலுகை உண்டு. பக்கத்துத் தீவுகளுக்கும் அந்தச் சலுகை மாணவர் விசாக்காரர்களுக்கு இருக்கிறது. எச்-1பி காரர்களுக்கு இல்லை. இது தெரியாமல் தீவுக்குப் போய்விட்டால், அமெரிக்கத் தூதரகத்தில் நேர்முகத் தேதி கிடைத்துப் புது விசா வாங்கும்வரை அமெரிக்காவுக்குத் திரும்ப முடியாது.

மார்டினிக், குவாடலூப் தீவுகளைப் பற்றி யாரேனும் சொன்னால் அதற்கும் ஒரு குறிப்பு. அவை பிரான்சின் பகுதிகள்தான். ஆனால் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா எல்லைக்கு வெளியே இருப்பதால் சாதாரண ஷெங்கன் விசா மட்டும் அங்கே போதாது. நம் காரைக்கால், புதுச்சேரித் துறைமுகங்களிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்தோர் இன்றும் அங்கே மாரியம்மனுக்குக் கோயில் கட்டி வழிபடுகிறார்கள் என்பதால் நம்மவர்கள் பலருக்கு அந்தத் தீவுகளின்மீது ஓர் ஆசை உண்டு. போகிறவர்கள் விசாவில் அந்தப் பகுதியின் பெயர் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

தக்கலை ஆசிரியர்

அனைவருக்கும் மிக்க நன்றி. முகவர் தம்பியின் பதிலைப் படித்தவுடன் மகனிடம் தொலைபேசியில் கேட்டேன். எச்-1பிதான், வேலை அனுமதி இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு இருக்கிறதாம், ஆனால் கடவுச்சீட்டிலுள்ள விசா காலாவதியாகிவிட்டது. ஆகவே கிரெனடாவும் புன்டா கானாவும் இம்முறை இல்லை. ஜூலை வேண்டாம், டிசம்பரே போதும் என்பதையும் முட்டம் தம்பியின் விளக்கத்துக்குப் பிறகு முடிவு செய்துவிட்டோம். அமெரிக்காவை விட்டு வெளியேறாமலே போகக்கூடிய கரீபியன் தீவு எதுவும் இருக்கிறதா?

எடிசனில் ஒரு இரணியல்காரன்

இருக்கிறது ஐயா. போர்ட்டோ ரிக்கோவும் அமெரிக்க வர்ஜின் தீவுகளும் அமெரிக்காவின் ஆட்சிப்பகுதிகள். நானும் நியூ ஜெர்சியில்தான் இருக்கிறேன். நியூவர்க்கிலிருந்து போர்ட்டோ ரிக்கோவின் தலைநகர் சான் வான் ஏறத்தாழ நான்கு மணி நேர நேரடி விமானம். அது உள்நாட்டுப் பயணமாகவே கருதப்படுகிறது. ஆயினும் எல்லோரும் கடவுச்சீட்டு, அமெரிக்காவுக்குள் நுழைந்ததைக் காட்டும் ஐ-94 பதிவு, மகன் தம் ஐ-797 தாள் ஆகியவற்றைக் கையில் வைத்திருப்பது நல்லது. வர்ஜின் தீவுகளிலிருந்து திரும்பும்போது விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரிகள் ஆவணங்களைப் பார்ப்பார்கள். மகன் தம் அலுவலக வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் மனம் நிம்மதியாக இருக்கும்.

இரண்டில் உங்களுக்குப் போர்ட்டோ ரிக்கோதான் பொருந்தும். வர்ஜின் தீவுகளில் செயின்ட் ஜானின் கடற்கரைகளுக்கு ஈடு சொல்ல முடியாது. ஆனால் அங்கே விமான நிலையம் கிடையாது, படகில் போக வேண்டும், வாடகை வீடுகளில் பெரும்பாலானவை செங்குத்தான மலைச்சரிவில் படிக்கட்டு வைத்துக் கட்டியவை. அம்மாவுக்கு ஆகாது.

போர்ட்டோ ரிக்கோவில் எங்கே என்பதில்தான் கவனம் வேண்டும். சான் வானில் எல்லோரும் முதலில் பார்ப்பது கொண்டாடோ பகுதியை. கடைத்தெரு, உணவகம், உயர்ந்த விடுதிகள் எல்லாம் உண்டு. ஆனால் கடல் வடக்கு நோக்கியது, உள்ளிழுக்கும் நீரோட்டம் உடையது. ஆண்டுதோறும் அங்கே சுற்றுலாப் பயணிகள் மூழ்குகிறார்கள். குழந்தைகளோடு அங்கே அறை எடுப்பதை நான் ஒப்ப மாட்டேன். இஸ்லா வெர்டே அதைவிடப் பரவாயில்லை. விமான நிலையத்துக்கு மிக அருகில், அகலமான மணல், உயிர்காப்பாளர் நிற்கும் பொதுக் கடற்கரையும் உண்டு. பழைய நகரத்தின் நுழைவாயிலில் இருக்கிற எஸ்காம்ப்ரோன் கடற்கரைக்குப் பாறைத் தடுப்பு இருப்பதால் அங்கே குழந்தைகள் இறங்கலாம்.

என் பரிந்துரை லுகீயோ. சான் வானிலிருந்து கிழக்கே காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்குள்ள பொதுக் கடற்கரை பிறை வடிவில் வளைந்து, வெளியே பவளப் பார் தடுப்பதால் அலையடங்கிக் கிடக்கும். பின்னால் முழுக்கத் தென்னந்தோப்பு. கார் நிறுத்துமிடம், கழிப்பறை, குளியலிடம் எல்லாம் கரையிலேயே இருக்கின்றன. ஆனால் அதே ஊரில் அதற்குக் கிழக்கே லா பாரெட் என்னும் கரை இருக்கிறது. அங்கே அலைச்சறுக்கு விளையாடுகிறவர்கள்தான் இறங்குவார்கள். 'லுகீயோ, கடற்கரை அருகில்' என்று விளம்பரம் செய்யும் வீடு இந்த இரண்டில் எந்தக் கரைக்கு அருகில் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முட்டம் அண்ணன் சொன்ன செயற்கைக்கோள் படச் சோதனையை இங்கே செய்து பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

அறை எடுக்கும் முன் இன்னொன்றும் கேளுங்கள்: கட்டடத்தில் ஜெனரேட்டரும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கின்றனவா? 2017இல் மரியா சூறாவளி அடித்த பிறகு அந்தத் தீவின் மின் கட்டமைப்பு இன்னும் முழுமையாகத் தேறவில்லை. 2024 டிசம்பர் 31 அன்று காலையில் தீவின் பெரும்பகுதியும் இருளில் மூழ்கியது. எட்டாவது மாடியில் கடல் தெரியும் அறை எடுத்துவிட்டு லிஃப்ட் நின்றுபோனால் அம்மாவின் நிலைமை என்ன ஆகும்? தரைத்தளம் கிடைக்காவிட்டால் முதல் மாடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாடகையில் கண்ணுக்குத் தெரியாத பகுதியும் உண்டு. போர்ட்டோ ரிக்கோவில் அறை வரி சாதாரண விடுதிக்கு 9 சதவீதம், சூதாட்டக்கூடம் உள்ள விடுதிக்கு 11 சதவீதம், குறுகிய கால வாடகை வீட்டுக்கு 7 சதவீதம். பல விடுதிகள் இதற்குமேல் ரிசார்ட் கட்டணம் என்று நாளொன்றுக்கு ஒரு தொகையும் வாங்கும். கடைசிப் பக்கத்தில் வரும் மொத்தத் தொகையை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். கிறிஸ்துமஸ் வாரம் உச்ச காலம் என்பதால், விலை குறையும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

சாப்பாட்டைப் பொறுத்தவரை வெளியில் சைவம் கிடைப்பது கடினம். பயற்றுக் குழம்பிலும் அரிசிச் சோற்றிலும்கூடப் பன்றி இறைச்சித் துண்டு போடுவது அங்கே வழக்கம். ஒவ்வொரு முறையும் கேட்டே வாங்க வேண்டும். ஏத்தங்காயைத் தட்டிப் பொரிக்கும் டோஸ்டோனஸ் அம்மாவுக்குப் பிடிக்கும். உங்களுக்கும் மகனுக்கும் லுகீயோ சாலையோரத்தில் வரிசையாக அறுபது கடைகள்வரை இருக்கின்றன. பொரித்த மீனுக்குக் குறைவில்லை. குழித்துறை அக்கா சொன்னதுபோல் அடுப்படியுள்ள வீடே எடுங்கள். ஆனால் ஊரிலிருந்து கொண்டுவரும் மிக்சியை எடுத்துப் போகாதீர்கள். அங்கே மின்சாரம் அமெரிக்காவைப் போல 120 வோல்ட்.

முட்டம் கடலோடி

சார், இரணியல் தம்பி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நீங்கள் போவது டிசம்பரில். மேற்குக் கரை காற்று மறைவு என்று முதலில் எழுதினேன். ஆனால் டிசம்பர் முதல் மார்ச் வரை வடக்கிலிருந்து ஒரு நீரெழுச்சி வரும். வட அட்லாண்டிக்கில் எங்கோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் குளிர்காலப் புயல் அடிக்கும். அது கிளப்பிவிட்ட அலை இரண்டு, மூன்று நாள் கழித்துத் தீவுகளின் வடகரையில் வந்து ஏறும். அன்றைக்குத் தீவில் காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, வெயில் சிரிக்கும். நம் ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியிலிருந்து கள்ளக்கடல் வருவதும் இப்படித்தானே? வானத்தைப் பார்த்துக் கடலை முடிவு செய்கிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். போர்ட்டோ ரிக்கோவின் வடமேற்கிலுள்ள ரின்கோன் ஊரில் அலைச்சறுக்குக்காரர்கள் குளிர்காலத்தில் குவிவதும் இந்த நீரெழுச்சிக்காகவே. படம் அழகாக இருக்கிறது என்று அங்கே வீடு எடுத்துவிடாதீர்கள்.

லுகீயோ வளைவுக்குப் பார்த் தடுப்பு இருந்தாலும், சான் வானிலுள்ள அமெரிக்க வானிலை அலுவலகம் நாள்தோறும் வெளியிடுகிற அலை எச்சரிக்கையைக் காலையில் பார்த்துவிட்டு இறங்குங்கள். கரையில் சிவப்புக் கொடி இருந்தால் அன்று குழந்தைகளை எல் யுங்கே மழைக்காட்டுக்குக் கூட்டிப் போய்விடலாம், அது லுகீயோவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தீவின் தென்மேற்கு மூலையிலுள்ள பொக்கேரோன் கடற்கரைக்கு இந்த நீரெழுச்சி அவ்வளவாக எட்டாது, கடல் அமைதி. ஆனால் சான் வானிலிருந்து ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் காரில் உட்கார வேண்டும் என்பதால், வீட்டு அம்மாவின் மூட்டு அதற்கு ஒத்துக்கொள்ளுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

தக்கலை ஆசிரியர்

பொக்கேரோன் வேண்டாம் என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. லுகீயோ பொதுக் கடற்கரையின் மேற்குப் புறத்தில், தரைத்தளத்தில், அடுப்படியும் ஜெனரேட்டரும் உள்ள ஒரு வீட்டை மகன் பார்த்து வைத்திருக்கிறான். குளியலறைப் படம் கேட்டு எழுதினோம். மறுநாளே அனுப்பிவிட்டார்கள், தரையோடு தரையான குளியலிடம்தான். இன்னும் ஒரே ஒரு சந்தேகம். குலெப்ரா என்னும் சிறு தீவிலுள்ள ஃபிளமென்கோ கடற்கரையைப் பற்றி மருமகள் எங்கோ படித்திருக்கிறாள். ஒரு நாள் போய் வரலாமா?

எடிசனில் ஒரு இரணியல்காரன்

கடற்கரை அருமையானது ஐயா, ஆனால் டிசம்பரில் அந்தப் படகுப் பயணத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். லுகீயோவுக்குக் கிழக்கே செய்பா என்னும் ஊரிலிருந்து படகு புறப்படும். ஆண்டு இறுதியில் கீழைக்காற்று பலமாக வீசும் காலம் என்பதால் படகு ஆட்டம் கடுமையாக இருக்கும். பழக்கமில்லாதவர்கள் வாந்தி எடுப்பார்கள். விடுமுறை வாரத்தில் சீட்டு கிடைப்பதும் அரிது. வாடகைக் காரையும் பெரும்பாலான நிறுவனங்கள் படகில் ஏற்ற விடுவதில்லை. அதற்குப் பதிலாக, பக்கத்து ஊரான ஃபஹார்டோவில் செவன் சீஸ் என்ற பொதுக் கடற்கரை இருக்கிறது. அங்கே ஒரு நாள் போய் வாருங்கள். இருட்டிய பிறகு அதே ஊரின் காயலில் துடுப்பு போட்டால் தண்ணீர் ஒளிரும். சிறு படகில் கூட்டிப் போவார்கள். நிலவில்லாத இரவாகப் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு வயது வரம்பு வைத்திருப்பார்கள் என்பதால் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

குலெப்ராவுக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்று மருமகள் பிடிவாதமாக இருந்தால், செய்பாவிலிருந்து சிறு விமானம் இருக்கிறது. பத்துப் பேர்கூட ஏற முடியாத விமானம் என்பதால் முன்பதிவின்போது ஒவ்வொருவரின் உடல் எடையையும் கேட்பார்கள். குறைத்துச் சொல்லாமல் உள்ளபடியே சொல்லிவிடுங்கள், அங்கே தராசில் நிற்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இருக்கை கொடுப்பார்கள்.